முதல் ஸ்டார்ட்டில் சத்தம் வருதுங்களா

லாரி சர்வீஸ் சென்டரின் அந்தப் பெண் கேட்டுவிட்டுப் போய் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நல்லியப்பன் இன்னும் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்குத்தான் வண்டியை ஏற்ற இடம் காலியாகும், அதுவரைக்கும் யோசித்து வையுங்கள் அண்ணா என்று சொல்லி, கையில் ஒரு தாளைக் கொடுத்து, இந்த ஏசி அறையில் உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். டிரைவர்கள் உட்காரப் பின்பக்கம், டயர் அடுக்கிய ஷெட்டுக்குப் பக்கத்தில், ஃபேன் போட்ட ஒரு கூடம் உண்டு. இருபத்தெட்டு வருடமாக எந்தக் கம்பெனி சர்வீசுக்குப் போனாலும் அவர் உட்கார்ந்தது அந்த மாதிரிக் கூடத்தில்தான். இன்றைக்கு மட்டும் இந்த மெத்தை சோபா. சங்ககிரியிலிருந்து வண்டி முதலாளி சுலோசனா காலையிலேயே போன் போட்டுவிட்டாளாம். "எங்க நல்லியண்ணன் வந்திருக்காரு. எந்த ஆயில்னு அவரு சொல்றதப் போடுங்க." அதனால் அவர் ஓனருக்குச் சமமாக இங்கே உட்கார்ந்திருக்கிறார், காக்கிச் சட்டையின் முதுகு சோபாவில் பட்டு அழுக்காகிவிடுமோ என்று நுனியில், முழங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு. தாளில் இரண்டு ஆயில் டப்பாக்களின் படம். ஒன்று நீலம், ஒன்று தங்க நிறம். நீலம் சாதா ஆயில், நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தங்கம் சிந்தெடிக், எண்பதாயிரம் தாங்கும். இரண்டுமே இந்த எஞ்சினுக்குச் சேரும். இதுவரைக்கும் அவருக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்டதுதான். "காலைல மொத ஸ்டார்ட்ல, மேல இருந்து டிக் டிக்னு ஒரு சத்தம் வருதுங்களாண்ணா? வந்தா ஆயில் மேல ஏற லேட்டாகுதுன்னு அர்த்தம். அப்ப எந்த ஆயிலும் ஊத்தறதுக்கு முந்தி நாங்க திறந்து பாக்கணும். வரலன்னா ஒண்ணும் பிரச்சினையில்ல, உங்க இஷ்டம்." வருகிறது என்றோ இல்லை என்றோ சொன்னால், வேலைச் சீட்டில் 'ஓட்டுநர் சொன்னது' என்ற கட்டத்தில் எழுதிக்கொள்வாளாம். கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சின்னக் கேள்வி. ரோட்டில் போகிற எந்த டிரைவரைக் கேட்டாலும் பீடியை எடுக்காமலே சொல்லிவிடுவான்.

சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. செய்தி. ஒரு பெண் வாயை அசைக்கிறாள், கீழே சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடுகிறது. சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்களா, இல்லை தனக்குத்தான் கேட்கவில்லையா என்று நல்லியப்பனுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் மேற்கொண்டு ஆயிலைப் பற்றி யோசிக்க முடியாது போலிருந்தது. எதிரே இன்னொரு ஆள் உட்கார்ந்திருந்தார், வெள்ளை வேட்டி, ஓனராகத்தான் இருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தார். அந்த ஆள் போனை நோண்டிக்கொண்டிருந்தார், டிவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியானால் சத்தம் இல்லை. இல்லை, செய்தி பிடிக்காதவராகவும் இருக்கலாம். நல்லியப்பன் மெதுவாகத் தலையைத் திருப்பி இடது காதை டிவிப் பக்கம் கொடுத்தார், கழுத்தில் சுளுக்கு எடுப்பவர் மாதிரி, பிடரியைத் தேய்த்துக்கொண்டே. ஏசியின் உறுமல் கேட்டது. அதற்கடியில் ஏதோ முணுமுணுப்பு இருந்தது மாதிரியும் இருந்தது, அது அவருடைய மண்டைக்குள்ளேயே ஓடுகிற இரைச்சல் மாதிரியும் இருந்தது. அந்த இரைச்சல் இப்போதெல்லாம் நிற்பதே இல்லை. படுக்கும்போது, சாப்பிடும்போது, வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வேப்பமரத்தடியில் நிற்கும்போது. தூரத்தில் ஏதோ மில் ஓடுகிற மாதிரி. முதல் மாதம் நிஜமாகவே மில் என்றுதான் நினைத்திருந்தார். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரிலும் ஒரு மில் ஓடுகிறதே என்று ஒருநாள் சோலாப்பூர் பக்கத்தில் தோன்றியபோதுதான் மில் வெளியே இல்லை என்று புரிந்தது. வெள்ளை வேட்டிக்காரர் திடீரென்று நிமிர்ந்து டிவியைப் பார்த்துச் சிரித்தார். ஆக, சத்தம் இருக்கிறது. நல்லியப்பனும் சிரித்து வைத்தார். ஒரு வருடமாக இதுவும் பழகிப்போயிற்று, அடுத்தவன் சிரித்தால் அரை வினாடி பிந்திச் சிரிப்பது.

அவருக்குக் கேட்கவில்லை என்று யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அதுதான் வேடிக்கை. சங்ககிரி லாரிப்பேட்டையில் அவருக்குப் பேரே காது நல்லியப்பன். அர்த்தநாரி ஐயா, சுலோசனாவின் அப்பா, உயிரோடு இருந்த காலத்தில் வண்டி வாங்கப் போனால் கூட இவரைக் கூட்டிக்கொண்டு போவார். விற்கிறவன் பெயின்ட் அடித்து, டயர் மாற்றி, சீட்டுக்கு உறை போட்டு நிறுத்தியிருப்பான். ஐயா அதையெல்லாம் பார்க்கவே மாட்டார். "நல்லி, கேளுடா" என்பார். இவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். மூன்றாவது சிலிண்டரில் டீசல் பீச்சுகிற ஊசி சரியில்லை, பின் ஆக்ஸிலில் பேரிங் போகப் போகிறது, இன்னும் இரண்டாயிரம் கிலோமீட்டர் தாங்கும். சொன்னது சொன்னபடி இருக்கும். அந்தக் காலத்து வண்டியில் எஞ்சின் பக்கத்துச் சீட்டில் ஆள் உட்கார்ந்திருப்பது மாதிரி கேபினுக்குள்ளேயே இருக்கும், இடது தொடை வெந்து போகும், அதோடு பேசிக்கொண்டே போகலாம். மேடு ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முனகும், இரண்டு சொட்டு ஆயில் குறைந்தாலும் குரல் வறண்டுவிடும். அப்போதெல்லாம் ஆயில் என்றால் ஒரே ஆயில்தான், டின்னிலிருந்து ஊற்றி விரலில் தேய்த்துப் பார்ப்பார். இருபத்தெட்டு வருடம் வலது பக்கம் ஜன்னலைத் திறந்து போட்டு, எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியின் ஏர் ஹாரனையும் இந்தக் காதில்தான் வாங்கினார். காதைக் கொடுத்துத்தான் காது என்ற பேரை வாங்கினார் என்று யோசித்தால், சரி, அதற்கென்ன இப்போது. டிக் டிக் என்று வருகிறதா இல்லையா. அதைச் சொல்லு.

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. ஏற்கெனவே ஒருமுறை சொன்னதுதானே. அதை நினைத்ததும் நல்லியப்பன் சோபாவில் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். ஐந்து மாதத்துக்கு முன்னால், இதே இடத்தில், வெளியே அந்த வாசலில், இந்த வண்டியை வாங்குவதற்கு முதல் நாள். சுலோசனா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெயிலில் நின்றாள், அப்பாவைப் போலவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. மூன்று வண்டிகளோடு அப்பா விட்டுவிட்டுப் போனதை எட்டு வருடமாக நடத்துகிறாள், யாரும் ஒரு வார்த்தை சொல்ல விட்டதில்லை. அவளாகத் தேர்ந்தெடுத்து வாங்குகிற முதல் புது வண்டி. சேல்ஸ்காரன் குதிரைசக்தி, மைலேஜ் என்று அடுக்கிக்கொண்டே போனான். அவள் கையை நீட்டி அவனை நிறுத்தினாள். "நல்லியண்ணா, நீங்க கேட்டுப் பாருங்க." எஞ்சினை ஓடவிட்டார்கள். இவர் வழக்கம்போலக் கண்ணை மூடினார். அடியில் ஒரு அதிர்வு வந்தது, பாதம் வழியாக. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சுத்தமாக ஒன்றும் இல்லை. புது வண்டி, புது மாதிரி எஞ்சின், சத்தம் இல்லாமல் செய்கிறார்கள் போலிருக்கிறது என்று அந்த நிமிடத்தில் அவர் நிஜமாகவே நினைத்தாரா, நினைத்துக்கொள்ள விரும்பினாரா என்பது இன்றுவரை அவருக்கே தெரியாது. கண்ணைத் திறந்து, "சத்தமே இல்லீங்க அம்மணி. வெண்ணெயாட்டம் இருக்குது" என்றார். சுலோசனா அங்கேயே தலையாட்டிவிட்டாள். சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை, அவருக்குச் சத்தமே இல்லைதான். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஒரு பெண்பிள்ளை அவ்வளவு பெரிய வண்டியை வாங்கி வாசலில் நிறுத்திச் சூடம் கொளுத்தினாள். அதில் ஏதாவது கோளாறு இருந்து, அது முதல் நாளிலிருந்தே டிக் டிக் என்று சொல்லிக்கொண்டே இருந்து, அவர் மட்டும் கேட்காமல் நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தால்? கூட ஆளும் கிடையாது. இப்போதெல்லாம் தனியாகத்தான் போய்வருகிறார். இன்றைக்குச் சத்தம் இல்லை என்று கையெழுத்துப் போட்டு, நாளைக்கு மகாராஷ்டிராவில் எங்காவது மேட்டில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால், உங்க டிரைவரே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காரே என்று இதே கம்பெனிக்காரன் தாளைக் காட்டுவான். சரி, வருகிறது என்று சொல்லிவிட்டால்? எஞ்சினைத் திறப்பார்கள். நல்லா இருக்கிற எஞ்சினை வீணாகத் திறந்தால் அது பழைய மாதிரி மூடாது, அது அவருக்குத் தெரியும். அப்புறம் சுலோசனா கேட்பாள், அன்றைக்கு வெண்ணெய் என்றீர்களே.

எப்போது ஆரம்பித்தது என்று பின்னால் போய்ப் பார்த்தால் பிடிபடவில்லை. பாவாயி ஒருநாள் அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். "ஏனுங்க, அரை மணி நேரமாக் கூப்பிடறேன், மனுசி கத்துறது காதுல ஏறுலியா? வூட்டுக்கு வந்தாலும் நெனப்பெல்லாம் ரோட்டுலதான்." பெண்டாட்டி பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத புருசன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள், அதுவே இவருக்கு வசதியாகப் போயிற்று. மகள் திருப்பூரிலிருந்து போன் செய்வாள். அவளுக்கு மெல்லிய குரல். பேச்சு எங்கே இறங்குகிறதோ அங்கே ஒரு 'ம்' போடுவார். போன ஆடியில் அவள் ஏதோ சொல்லி நிறுத்தினாள். இவர் "ரொம்ப சந்தோசம் கண்ணு, நல்லது நல்லது" என்றார். அந்தப் பக்கம் ஒரேயடியாக அமைதி. பிறகுதான் பாவாயி போனைப் பிடுங்கிக் கேட்டு, தலையில் அடித்துக்கொண்டாள். மாமியார் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். மருமகன் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். போனார். என்ன கேட்டாலும் பதில் சொல்லத் தயாராக, டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை, பேரைக் கேட்டு எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். வெளியே வந்து ஒரு கரும்புச்சாறு குடித்தார். பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது, அந்த ஆள் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று கோபம் வந்ததும் ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கோபம் இப்போது எதற்கு வருகிறது. தாளைப் பார். நீலம், தங்கம். வழுவழுவென்ற தாள், பிடித்த இடத்தில் வியர்வை பட்டு விரல் தடம் விழுந்திருந்தது. போன வாரம் முழுக்கத் தினமும் காலையில் முயற்சி செய்து பார்த்துவிட்டார், அந்தப் பெண் இன்றைக்குக் கேட்பாள் என்று தெரியாமலே. சாவியைத் திருகிவிட்டு இறங்கி ஓடி, கேபினுக்கடியில் இடது காதை வைத்துக் கேட்பார். தடதடப்பு மட்டும் கேட்கும், அதற்கு மேலே ஊசி மாதிரி ஏதாவது இருந்தால் அது இவருக்கு எட்டாது. ஒருநாள் போனில் பதிவு செய்து, காதோடு அழுத்திவைத்துப் போட்டுப் பார்த்தார். போனிலும் அதே தடதடப்பு. தும்கூர் தாண்டி ஒரு டீக்கடையில், "கொஞ்சம் வந்து இந்த எஞ்சினக் கேட்டுப் பாருங்க" என்று டீ மாஸ்டரையே கூப்பிட்டுவிடலாமா என்று தோன்றியது. கூப்பிடவில்லை. டீ ஆறுகிற வரை நின்றுவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அகமதுநகர் பக்கத்து வெங்காய மண்டியை நினைக்கக் கூடாது என்று நேற்றே முடிவு செய்திருந்தார். ஆனாலும் அது வந்தது. பதினேழு நாள் ஆகிறது. ஜவ்வரிசி இறக்கிவிட்டு, வெங்காயம் ஏற்றுவதற்காக வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் மூட்டை அடுக்குத் தெரிந்தது, அதற்கும் வண்டிக்கும் பத்தடி இருக்கும். எடுக்கலாம். எடுத்தார். இன்னும் எடுத்தார். இடது கண்ணாடியில் திடீரென்று நாலைந்து பேர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள், வாய் எல்லாம் திறந்திருந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். இறங்கிப் போனபோது மூட்டைக்கும் வண்டிக்கும் நடுவில் மூட்டை தூக்குகிற ஒரு கிழட்டு ஹமாலி தரையில் உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடந்தது. அவர் கையால் வண்டியின் பின்பலகையை அடி அடி என்று அடித்திருக்கிறார், நிறுத்து நிறுத்து என்று கத்தியிருக்கிறார், மண்டி முழுக்கக் கேட்டிருக்கிறது. கடைசி நிமிடத்தில் பக்கவாட்டில் விழுந்து தப்பித்திருக்கிறார். அவருடைய ஒரு செருப்பு மட்டும் சக்கரத்துக்கடியில் இருந்தது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அந்தக் கிழவர் நல்லியப்பனைப் பார்த்துச் சிரித்தார், பல்லெல்லாம் தெரிய, கையை அசைத்து ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்பது மாதிரி. அடித்துத் திட்டியிருந்தால் தேவலாம். நல்லியப்பன் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு சோலாப்பூர் வரை ஓட்டினார். அந்த ஆளின் உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்ததைப் பார்த்தார். அவ்வளவு அடித்திருக்கிறார், இங்கே அது ஒரு தட்டாகக்கூட வந்து சேரவில்லை. இன்றைக்கு இல்லை என்று கையெழுத்துப் போட்டால் நாளைக்கு மறுபடி லோடு. மறுபடி ஏதோ ஒரு மண்டி, மறுபடி பின்னால் எடுக்க வேண்டும். டிக் டிக் என்று வருகிறதா என்று மட்டும்தான் அந்தப் பெண் கேட்கிறாள். வேறெதையும் அவள் கேட்கவில்லை. அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். ஐம்பத்து மூன்று வயதில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு என்ன செய்வது, பேட்டையில் உட்கார்ந்து அடுத்தவன் வண்டிக்குக் கயிறு முறுக்குவதா, காது நல்லியப்பன் செவிட்டு நல்லியப்பன் ஆகிவிட்டான் என்று அவர்கள் பேசுவது எப்படியும் கேட்காது, அந்த மட்டும் லாபம். இந்த நினைப்புக்கு அவருக்கே சிரிப்பு வந்தது. வெள்ளை வேட்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

கதவு திறந்தது. ரெஹானா என்று சட்டையில் பேர்ப்பட்டை குத்தியிருந்த அந்தப் பெண் வந்து நின்று ஏதோ சொன்னாள். வெளியே யாரோ ஏர் கன்னில் டயர் நட்டைக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டும், அந்த அதிர்வில் அவள் குரல் அடிபட்டுப்போயிற்று. உதட்டைப் படித்தார். முடிவு... அண்ணா... எழுதிக்கலாமா. பேனாவைத் திறந்துவிட்டாள்.

"இல்லை" என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அது சத்தியம்.

"எனக்குக் கேக்காதுங்க மேடம்."

அவள் பேனாவை நிறுத்தினாள். "என்னங்கண்ணா?"

"சத்தம் வருதா வரலையான்னு எனக்குத் தெரியாதுங்க. காது கேக்கறதில்ல. வலது சுத்தமா இல்ல. இடது கொஞ்சம்." தன் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. வெள்ளை வேட்டிக்காரர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

ரெஹானா அவரையே பார்த்தாள். பரிதாபப்படப் போகிறாள் என்று நினைத்தார், அது வந்தால் எழுந்து போய்விடுவது என்று இருந்தார். அவள் நடந்து வந்து இடது பக்கமாக, சோபாவின் கைப்பிடியில், அவர் காதுக்கு நேரே உட்கார்ந்தாள். "வண்டி நேத்து சாயங்காலத்துல இருந்து ஆஃப்லதான இருக்கு? யாரும் ஸ்டார்ட் பண்ணலையே?"

"இல்லீங்க. ஏழு மணிக்கு நிறுத்துனது."

"அப்ப எஞ்சின் குளுந்துதான் இருக்கும். வாங்க, நாங்க கேக்கறோம்." அவ்வளவுதான். ஒரு மணி நேரமாக அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் ஒரு நிமிட வேலையாக்கிவிட்டாள்.

யார்டில் வெயில் ஏறியிருந்தது. இருதயராஜ் என்ற மெக்கானிக் நீண்ட ஸ்குரூடிரைவர் ஒன்றோடு வந்தார், அதன் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். அந்த வித்தையை நல்லியப்பனே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். "போடுங்க" என்று இருதயராஜ் கையைக் காட்டினார். ரெஹானா ஏறிச் சாவியைத் திருகினாள். நல்லியப்பனுக்குப் பாதத்தில் அதிர்வு வந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவர் இருதயராஜின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் புருவம் கூடியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினார். எட்டு வரை எண்ணினார். புருவம் விரிந்தது. இருதயராஜ் ஸ்குரூடிரைவரை இன்னொரு இடத்தில் ஊன்றினார், பிறகு இன்னொரு இடத்தில், பிறகு நிமிர்ந்து தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "ஒரு சத்தமும் இல்ல. சும்மா கம்முனு இருக்கு. ஏ ஒன் எஞ்சின்."

ஒரு சத்தமும் இல்லை. நல்லியப்பன் வண்டியின் நிழலில் சற்று சாய்ந்துகொண்டார். இல்லை என்று சொல்லியிருந்தாலும் அது உண்மையாகவே இருந்திருக்கும். ஐந்து மாதத்துக்கு முன்னால் சொன்னதும் உண்மையாகவே இருந்திருக்கிறது, குருட்டாம்போக்கில். சும்மா இருந்திருக்கலாம். யாரும் கேட்காத ஒன்றை வாய்விட்டுச் சொல்லித் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாயிற்று. ஆனால் யாருக்குத் தெரியும்? இந்தப் பெண்ணுக்கு, இருதயராஜுக்கு, பேர் தெரியாத ஒரு வெள்ளை வேட்டிக்கு. சங்ககிரிக்குத் தெரியாது. ரெஹானா கீழே இறங்கி, சீட்டில் 'சத்தம் இல்லை, சோதித்தது' என்று எழுதினாள், அவருக்குக் காட்டினாள். காதைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. அவள் சொல்லப்போவதில்லை. கையெழுத்துப் போட்டு, ஆயில் மாற்றி, சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். நாளைக்கு ஜவ்வரிசி லோடு தயார். ஒன்றும் நடக்கவில்லை. பேனாவை வாங்கினார். அந்தக் கிழவர் இந்நேரம் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார், அந்தக் கையாலேயே. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஒரு நிமிசங்க மேடம்" என்று போனை எடுத்தார்.

இடது காதில் அழுத்தி வைத்துக்கொண்டார். சுலோசனாவின் குரல் நல்லவேளையாகக் கனத்த குரல். "என்னுங்கண்ணா, ஆயில் ஊத்தியாச்சா?"

"இல்லீங்க அம்மணி. ஒண்ணு சொல்லோணும்." சொன்னார். காதைச் சொன்னார். வண்டி வாங்குவதற்கு முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றதைச் சொன்னார். மண்டியையும் சொன்னார், செருப்பு வரைக்கும். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை. வருகிறது, தனக்குத்தான் கேட்கவில்லையோ என்று போனை எடுத்துப் பார்த்தார். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி வைத்தார்.

"எத்தன நாளா?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்ங்க."

"எங்கிட்டச் சொல்லுல." கோபம்தான் அது, அப்பாவின் கோபம் மாதிரி அடங்கின கோபம். "அந்த ஆளு செத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க நல்லியண்ணா?"

நல்லியப்பன் வண்டியின் பின்பலகையைத் திரும்பிப் பார்த்தார். அவளே தொடர்ந்தாள்.

"சாவிய அங்கியே குடுத்துருங்க. வண்டிய எடுத்துட்டு வர வேற ஆள அனுப்பறேன். இன்னிக்கிருந்து நீங்க ஸ்டியரிங்கத் தொடக் கூடாது. நாளைக்கு ஈரோட்டுல காது டாக்டரப் பாக்கறோம், நானும் வாறேன். மிசின் வெச்சா ஓட்டலாமா வேண்டாமான்னு அவரு சொல்லட்டும். வேண்டாம்னா வேண்டாம்தான், சொல்லிப்போட்டேன்."

"சரிங்க அம்மணி."

"பஸ்ல வாங்க."

"சரிங்க." போனை வைத்துவிடுவாள் என்று பயந்து அவசரமாகக் கேட்டார். "ஆயிலு? எதப் போடறதுன்னு இவங்களையே முடிவு பண்ணச் சொல்லட்டுங்களா?"

"ஏன்? ஆயில் சொல்றதுக்குக் காதா வேணும்?" என்றாள் சுலோசனா. "அந்த ரோட்டுல ஓட்டுனது நீங்களா அவங்களா? நீங்களே சொல்லிப்போட்டு வாங்க."

போன் நின்றுவிட்டது. நல்லியப்பன் அதைச் சட்டைப்பையில் போட்டார், பட்டனையும் போட்டார். ஸ்டியரிங் போனதை நினைத்துப் பார்க்க நேரமில்லை, ரெஹானா தாளோடு காத்துக்கொண்டிருந்தாள். அவர் நீலத்தைப் பார்த்தார். நாற்பதாயிரம் என்றால் இந்த வண்டிக்கு ஐந்து மாதம். அடுத்த முறை மழைக்காலத்தில் வடக்கே நடு வழியில் வந்து மாட்டும். தங்கம் எண்பதாயிரம் என்கிறது. ஆனால் மண்டியில் வரிசைக்குக் காத்துக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டு அரை நாள் நிற்கிறதே, அப்போது கிலோமீட்டர் ஓடாது, ஆயில் மட்டும் வெந்துகொண்டே இருக்கும். தாள் போட்டவனுக்கு அந்த மண்டியைத் தெரியாது.

"சிந்தெடிக்கே ஊத்துங்க மேடம். ஆனா எண்பதுன்னு எழுதாதீங்க. அறுபதாயிரத்துல கூப்பிடோணும்னு எழுதுங்க. ட்ரிப்புக்கு ட்ரிப்பு ஐடில்லயே நெறைய நேரம் ஓடுது. அதக் கணக்குல சேத்தோணும்."

அவள் கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டி, எஞ்சின் ஓடிய மணிகளைப் பார்த்தாள். ஒருமுறை அவரைப் பார்த்தாள். அறுபதாயிரம் என்று எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார், வண்டிச் சாவியை, அதில் கட்டியிருந்த பழனி மஞ்சள் கயிற்றை அவிழ்க்காமலே, அவள் கையில் வைத்தார். கேபினிலிருந்து தன் பையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டார். கேட்டை நோக்கி நடந்தபோது பின்னால் அவள் ஏதோ சொன்னது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தார். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுப் போங்க என்கிறாளா, சாயங்காலம் போன் பண்றேன் என்கிறாளா. ஒரு வருடமாகச் செய்கிறபடி தலையை ஆட்டப் போனார். பிறகு பையைக் கீழே வைத்தார், இடது காதின் மேல் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, யார்டுக்கே கேட்கும்படி, "கேக்கலைங்க மேடம், இன்னொருக்காச் சொல்லுங்க!" என்றார்.